கோல் கணக்குக்கு அப்பால் ஒரு விருது

மே மாதம் பிறந்தால் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்களுக்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். கால்பந்து எழுத்தாளர் சங்கம் அந்த ஆண்டின் ஆட்டக்காரர் என்று ஒருவர் பெயரை அறிவிப்பதுதான் காரணம். இவரைவிட அதிகம் கோல் போட்டவர் இருக்கிறாரே, சாம்பியன் ஆனது வேறு அணியாயிற்றே, போன வருடமே கொடுத்திருக்க வேண்டியவருக்கு இப்போது கொடுக்கிறார்களே என்று கேள்விகள் வரிசையாக வரும். 1948இல் தொடங்கிய இந்த விருது எத்தனை வருடம் கொடுக்கப்பட்டதோ, ஏறக்குறைய அத்தனை வருடமாக இந்த வாக்குவாதமும் நடக்கிறது. கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் ஒன்றைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். திறமையில் முதலிடம் யாருக்கு என்று அளந்து சொல்வதே இந்த விருதின் வேலை என்பதுதான் அது. பட்டியலை முதல் பெயரிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தால் அப்படித் தோன்றவில்லை. ஒரு நாடு தன் ஆட்டக்காரர்களிடம் எந்தக் காலத்தில் எதை மதித்தது, எதைக் காணத் தவறியது என்பதற்கு அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு பதிவான சாட்சியமாக இருக்கிறது. அதன் உண்மையான மதிப்பும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

விருது பிறந்த விதத்திலேயே இதற்கு ஆதாரம் உண்டு. 1947 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தை 5-2 என்று தோற்கடித்துவிட்டு இங்கிலாந்து அணி ஊர் திரும்பியது. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப் போயிருந்த பத்திரிகைக்காரர்கள் சிலர் கப்பலில் திரும்பும் வழியில் பேசி முடிவு செய்ததுதான் கால்பந்து எழுத்தாளர் சங்கம். ஆண்டுதோறும் ஓர் ஆட்டக்காரரைக் கௌரவிக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் சார்லஸ் புக்கன். சண்டர்லாண்டுக்கும் ஆர்சனலுக்கும் ஆடி ஓய்வுபெற்று, பிறகு பேனா பிடித்தவர். யாருக்குக் கொடுப்பது என்பதற்கு அவர்கள் வைத்த நிபந்தனையில் கோல் எண்ணிக்கை இல்லை, கோப்பைக் கணக்கும் இல்லை. மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் சொல்லாலும் செயலாலும் முன்மாதிரியாக இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதே அதன் சாரம். முதல் விருது பிளாக்பூல் அணியின் வலதுபுற விங்கர் ஸ்டான்லி மேத்யூஸுக்குப் போனது. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு எதிராளியைத் திக்குமுக்காடச் செய்தவர் என்று உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. முப்பது ஆண்டுக்கும் மேலே ஆடியும் நடுவரிடம் ஒரு முறைகூட எச்சரிக்கை வாங்காதவர் என்பதும் அந்த எழுத்தாளர்களுக்கு அதே அளவு பெரிய விஷயம். இந்த விருதை இரண்டு முறை பெற்ற முதல் ஆட்டக்காரர் பிரெஸ்டன் அணியின் டாம் ஃபின்னி. அவரும் எச்சரிக்கை வாங்காதவர். பிற்காலத்தில் 1986இலும் 1992இலும் பெற்ற கேரி லினேக்கர் மஞ்சள் அட்டையையே பார்க்காமல் ஓய்வுபெற்றவர். மேத்யூஸும் பின்னர் இரண்டாம் முறை பெற்றார். நடத்தைக்குக் களங்கமே இல்லாத மூன்று பேர் ஆளுக்கு இரண்டு முறை பெற்றிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடக்க ஆண்டுகளை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். 1948 முதல் 1965 வரை பதினெட்டு விருதுகள். அவற்றில் பதின்மூன்று, அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டிக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்றின் ஆட்டக்காரருக்குப் போயிருக்கின்றன. லீக்கைவிடக் கோப்பைதான் மக்களின் திருவிழா என்றிருந்த காலம் அது. அந்தப் பதின்மூன்று பேரில் எட்டுப் பேரின் அணி இறுதிப்போட்டியில் தோற்றது. எழுத்தாளர்கள் ஓட்டுப் போட்டு விருந்து வைத்துக் கௌரவித்தது இறுதிப்போட்டிக்கு முன்பு என்பதால், வெற்றி தோல்வி அந்தத் தேர்வைத் தொடவே இல்லை. 1953இல் விருது பெற்ற போல்டனின் நாட் லோஃப்ட்ஹவுஸ் இறுதிப்போட்டியில் பிளாக்பூலிடம் 4-3 என்று தோற்றார். 1954இல் ஃபின்னியின் பிரெஸ்டன் 3-2 என்று தோற்றது. ஃபின்னி இங்கிலாந்து லீக்கில் பிரெஸ்டனைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடியதில்லை, லீக் பட்டமோ எஃப்.ஏ. கோப்பையோ அவர் கைக்கு வந்ததும் இல்லை. கோப்பைகளை எண்ணிப் பார்த்துக் கொடுக்கும் விருதாக இருந்திருந்தால் அவர் பெயர் அதில் ஏறியிருக்காது.

இன்னொன்று, அந்தக் காலத்து வெற்றியாளர்களில் கேப்டன்கள் அதிகம். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜானி கேரி, ஆர்சனலின் ஜோ மெர்சர், பிளாக்பூலின் ஹாரி ஜான்ஸ்டன், வுல்வ்ஸின் பில்லி ரைட், டோட்டன்ஹாமின் டேனி பிளாஞ்ச்ஃப்ளவர், பர்ன்லியின் ஜிம்மி ஆடம்சன், வெஸ்ட் ஹாமின் பாபி மூர் என்று பட்டியல் நீள்கிறது. மெர்சரின் கதை ஒன்றே போதும். 1946இல் ஆர்சனல் அவரை வாங்கியபோது, லண்டனுக்குக் குடிபெயர மாட்டேன், லிவர்பூல் பக்கமே இருந்துகொண்டு மளிகை வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வேன் என்றார். கிளப்பும் சம்மதித்தது. வாரம் முழுக்க லிவர்பூல் அணியின் மைதானத்தில் பயிற்சி, ஆட்டத்தன்று ஆர்சனல் சட்டை. 1950இல் முப்பத்தைந்து வயதில் அவர் தலைமையில் ஆர்சனல் கோப்பை இறுதிப்போட்டிக்கு வந்தபோது எதிரே நின்ற அணி அதே லிவர்பூல். ஆர்சனல் 2-0 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் நூறு பேர் இருந்திருப்பார்கள். போரில் தன் நல்ல ஆட்ட வருடங்களைப் பறிகொடுத்த ஒரு தலைமுறைக்கு, மளிகைக் கடையையும் பார்த்துக்கொண்டு அணியையும் நடத்திக் காட்டிய மனிதர் முன்மாதிரியாகத் தெரிந்தார். ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்த நாட்கள் அவை. 1961இல் அந்த வரம்பு நீக்கப்பட்டபோதுகூட அது வாரத்துக்கு 20 பவுண்டாகத்தான் இருந்தது. ஆட்டக்காரரும் கேலரியில் நிற்கும் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ற நிலையில், நடத்தைக்கு மதிப்புக் கொடுத்ததில் வியப்பில்லை.

கோல் மட்டும் போட்டவரை அந்தத் தலைமுறை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஜிம்மி கிரீவ்ஸ் சாட்சி. முதல் பிரிவு லீக்கில் ஆறு சீசன்களில் அதிக கோல் அடித்தவர். இந்த விருது ஒரு தடவைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இது அநியாயம் என்பவர்களோடு சண்டைபோட என்னால் முடியாது. ஆனால் எழுத்தாளர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் நேர்ந்த அநியாயம் இது என்று சொல்ல முடியாது. அவர்கள் தேடியது வேறு என்பதால் நேர்ந்தது.

அவர்கள் தேடியது என்ன என்பதை 1956ஐப்போலத் தெளிவாகக் காட்டும் ஆண்டு வேறில்லை. பெர்ட் டிராட்மன் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்காரர். ஹிட்லரின் படையில் பாராசூட் வீரராகக் கிழக்குப் போர்முனையில் சண்டையிட்டவர், இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, லங்காஷயரில் ஒரு கைதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தார். விடுதலையானபோது ஊருக்குப் போக மறுத்து, செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறு கிளப்புக்குக் கோல்கீப்பராக நின்றார். 1949இல் மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. நகரம் கொதித்தது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களும், நாஜி வதைமுகாம்களில் உறவுகளைப் பறிகொடுத்த யூதர்களும் வாழும் ஊர் அது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போது மான்செஸ்டரின் யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு தேசம் செய்த பாவத்துக்குத் தனியொருவனைத் தண்டிக்காதீர்கள், அவன் தகுதியை மட்டும் பாருங்கள் என்பதே அதன் கருத்து. நார்மண்டியில் சண்டையிட்டுத் திரும்பியிருந்த சிட்டியின் கேப்டன் எரிக் வெஸ்ட்வுட், இந்த அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லி அவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஏழு ஆண்டுகள் கழித்து எழுத்தாளர்கள் டிராட்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே பிறந்து பெற்ற முதல் ஆட்டக்காரரும் அவரே. விருது கிடைத்துச் சில நாளில், 1956 மே 5 அன்று வெம்பிளியில் பர்மிங்ஹாம் சிட்டிக்கு எதிராகக் கோப்பை இறுதிப்போட்டி. ஏறக்குறைய கால் மணி நேர ஆட்டம் மீதமிருக்கையில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவரின் கழுத்தில் எதிரணி முன்கள வீரரின் முழங்கால் மோதியது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை. கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டு மிச்ச நேரமும் அவர் கோலுக்கு முன்னால் நின்றார், பந்தையும் தடுத்தார். சிட்டி 3-1 என்று வென்றது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்து எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. உடைந்த கழுத்தோடு ஆடியதற்காகத்தான் அவருக்கு விருது கொடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விருது முன்னாலேயே வந்துவிட்டது. போர் முடிந்து பதினோரு ஆண்டில், எதிரிப் படையின் வீரன் ஒருவனை இந்த நாட்டு ஆட்டக்காரர்களுக்கு முன்மாதிரி என்று ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர்கள் சொன்னார்கள். எந்தப் புள்ளிவிவரத்தைக் கொண்டும் இந்தத் தேர்வை விளக்க முடியாது. அந்த நாட்டின் மனம் எங்கிருந்து எங்கே வந்துசேர்ந்தது என்பதை இந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது.

இதெல்லாம் வெறும் உணர்ச்சிவசப்படுதல்தானே என்று ஒரு மறுப்பு உண்டு. அதற்கும் பட்டியலிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. 1959இல் லூட்டன் டவுனின் சிட் ஓவனுக்கு முப்பத்தாறு வயது, கோப்பை இறுதிப்போட்டியோடு ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். 1963இல் மேத்யூஸ் இரண்டாம் முறை பெற்றபோது வயது நாற்பத்தெட்டு, அவருடைய ஸ்டோக் சிட்டி அன்று இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. 1969இல் ஓட்டு சமமாகி இருவருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் டெர்பி கவுண்டியை இரண்டாம் பிரிவிலிருந்து மேலே கொண்டுவந்த டேவ் மெக்காய். இன்னொருவர் மான்செஸ்டர் சிட்டியின் டோனி புக், செங்கல் அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே பாத் நகரின் சிறு கிளப்பில் ஆடிவிட்டு, முப்பது வயதை ஒட்டித்தான் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தவர். கிழவர்களுக்குக் கொடுத்த வழியனுப்பு மாலைகள் இவை என்று கேலி பேசுபவர்கள், அந்த ஆண்டுகளில் நடந்ததைப் பார்ப்பதில்லை. நாற்பத்தெட்டு வயது மேத்யூஸ் அந்த சீசனில் இரண்டாம் பிரிவின் சாம்பியனாகி முதல் பிரிவுக்கு உயர்ந்த ஸ்டோக் அணியில் ஆடியவர். புக்கின் தலைமையில் சிட்டி 1968இல் லீக்கையும் 1969இல் கோப்பையையும் வென்றது. உணர்ச்சி இருந்தது, மறுக்கவில்லை. அந்த உணர்ச்சிக்கு அடியில் செய்துகாட்டிய வேலையும் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு 1974இல் வந்தது. அந்த ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் தானே ஒரு விருதைத் தொடங்கியது. ஆடுபவனின் அருமை ஆடுபவனுக்குத்தான் தெரியும், காகிதத்தில் எழுதுபவனுக்கு என்ன தெரியும் என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. முதல் ஆண்டிலேயே இரண்டு விருதும் இரண்டு திசையில் போயின. ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்தது லீட்ஸின் நார்மன் ஹன்டரை, எதிராளிகள் நடுங்கும் பின்கள வீரரை. எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்தது லிவர்பூலின் இயன் காலஹனை. லிவர்பூலுக்காக 857 ஆட்டங்கள் ஆடியவர், அத்தனை நீண்ட ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எச்சரிக்கப்பட்டவர். யாரோடு மோதினால் வலிக்கும் என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, யார் ஆட்டத்துக்குக் கௌரவம் சேர்த்தார் என்று எழுத்தாளர்கள் பார்த்தார்கள். இரண்டு கேள்விகளும் வேறு, ஆகவே இரண்டு பதில்களும் சரி. அதற்கு மேல் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரை நேருக்கு நேர் சந்திப்பது சீசனில் பெரும்பாலும் இரண்டு முறை. நான்கு பிரிவுகளிலும் ஆடுபவர்களுக்கு அங்கே ஓட்டு உண்டு என்பதால், நான்காம் பிரிவில் ஆடுபவர் முதல் பிரிவு நட்சத்திரத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார். நெடுங்காலம் அவர்களின் ஓட்டு சீசன் முடிய வாரக்கணக்கில் இருக்கும்போதே நடந்தது. வாரம் தவறாமல் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பது எழுத்தாளர்களின் பிழைப்பு. 2011இல் ஆட்டக்காரர்கள் டோட்டன்ஹாமின் கேரத் பேலைத் தேர்ந்தெடுத்தார்கள், முந்தைய இலையுதிர் காலத்தில் இன்டர் மிலானுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டங்கள் எல்லோர் கண்ணிலும் நின்றன. எழுத்தாளர்கள் வெஸ்ட் ஹாமின் ஸ்காட் பார்க்கருக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆண்டு வெஸ்ட் ஹாம் அட்டவணையில் கடைசியாக வந்து கீழிறங்கிய அணி. தோற்றுக்கொண்டே இருந்த அணியில் வாரா வாரம் தலைநிமிர்ந்து உழைத்தவரை, கூடவே இருந்து பார்த்தவர்களால்தான் கண்டுகொள்ள முடியும்.

சாட்சியம் என்றால் சாட்சிகளின் குருட்டுப் புள்ளிகளும் அதில் பதிவாகும். இந்தப் பட்டியலில் மனதை உறுத்துவது நிறம். முதல் விருதுக்கும், ஒரு கறுப்பின ஆட்டக்காரருக்குக் கிடைத்த முதல் விருதுக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். 1988இல் அதைப் பெற்றவர் ஜமைக்காவில் பிறந்த ஜான் பார்ன்ஸ். வாட்ஃபோர்டிலிருந்து லிவர்பூலுக்கு வந்த முதல் சீசன் அது. அதே சீசனில் எவர்டனின் மைதானத்தில் ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. கேலரியிலிருந்து வீசப்பட்ட வாழைப்பழம் காலடியில் கிடக்கிறது, பார்ன்ஸ் அதைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார், முகம் ஆட்டத்தின் பக்கமே இருக்கிறது. அந்தப் படமும் அந்த விருதும் ஒரே சீசனைச் சேர்ந்தவை. 1990இல் அவருக்கே மறுபடியும் கிடைத்தது. அதன்பின் இன்னொரு கறுப்பின ஆட்டக்காரர் பெற 2003இல் தியரி ஆன்றி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்தாளர்கள் யாரையும் வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. இங்கிலாந்தின் முதல் அணியிலேயே ஒரு கறுப்பின ஆட்டக்காரர் இடம்பெற்றது 1978இல்தான். கிளப்புகளும் தேசிய அணியும் கதவை மூடிவைத்திருந்தபோது எழுத்தாளர்கள் அந்தக் கதவைத் தட்டவில்லை என்பதுதான் அவர்கள் மீதான குற்றம், அது சிறிய குற்றமல்ல. பெண்களின் கதையும் இப்படித்தான். 1921இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று விதித்த தடை சுமார் ஐம்பது ஆண்டுகள் நின்றது. எழுத்தாளர் சங்கம் பெண்களுக்கென ஆண்டின் ஆட்டக்காரர் விருதைத் தொடங்கியது 2018இல். செல்சியின் ஃபிரான் கிர்பி முதலில் பெற்றார்.

வெளிநாட்டினரின் வரவும் பட்டியலில் அப்படியே பதிந்திருக்கிறது. டிராட்மனுக்குப் பிறகு பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்தவர் பெற இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1978இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மீதான கட்டுப்பாடு விலகியது, 1981இல் இப்ஸ்விச்சின் டச்சுக்காரர் ஃபிரான்ஸ் தைசன் பெற்றார். 1995 முதல் 1999 வரை கிளின்ஸ்மன், கன்டோனா, சோலா, பெர்க்காம்ப், ஜினோலா என்று ஐந்து ஆண்டுகளும் ஐரோப்பியக் கண்டத்துக்காரர்கள். பிரீமியர் லீக்கின் தொலைக்காட்சிப் பணம் எதைச் செய்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஐந்து பெயர்கள் போதும்.

மைதானத்துக்கு வெளியேயும் முன்மாதிரி என்ற நிபந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். 1995 ஜனவரியில் தன்னை ஏசிய ரசிகர் ஒருவரைப் பாய்ந்து உதைத்து எட்டு மாதத் தடை வாங்கிய எரிக் கன்டோனாவுக்கு 1996இல் விருது. எதிராளியைக் கடித்ததற்காகப் பத்து ஆட்டத் தடை பெற்று, சீசனின் தொடக்க ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து கழித்த லூயிஸ் சுவாரஸுக்கு 2014இல் விருது. கன்டோனாவை என்னால் ஏற்க முடிகிறது. தடை முடிந்து வந்த பின் தன்னை அடக்கிக்கொண்டு இளைஞர்கள் நிறைந்த அணியைப் பட்டத்துக்குக் கூட்டிப்போனார், அது திருந்திக் காட்டிய மனிதருக்குக் கிடைத்த அங்கீகாரம். சுவாரஸ் விஷயத்தில் எழுத்தாளர்கள் சறுக்கினார்கள் என்றே சொல்வேன். 33 ஆட்டங்களில் 31 கோல், ஒன்றுகூட பெனால்டியில் வந்ததல்ல. அந்தக் கணக்கின் பளபளப்பில் சொந்த நிபந்தனையை மறந்தார்கள். விருது அறிவித்த அடுத்த மாதமே உலகக் கோப்பையில் அவர் இத்தாலி வீரர் ஒருவரைக் கடித்தார்.

ஆனால் நிபந்தனை செத்துவிடவில்லை. 2018 டிசம்பரில் செல்சி மைதானத்தில் இனவெறி வசைக்கு ஆளான ரஹீம் ஸ்டெர்லிங், மறுநாள் இன்ஸ்டகிராமில் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மான்செஸ்டர் சிட்டியின் இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் தாய்க்கு வீடு வாங்கியிருந்தார்கள். கறுப்பின இளைஞரைப் பற்றிய தலைப்பு அவர் சம்பளத்தையும் செலவையும் சுட்டியது, வெள்ளையரைப் பற்றிய தலைப்பு அம்மாவுக்கு வீடு வாங்கிய நல்ல பிள்ளை என்ற தொனியில் இருந்தது. பத்திரிகைகளைத்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஐந்து மாதம் கழித்து அதே பத்திரிகைகளில் வேலை செய்யும் எழுத்தாளர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆண்டு ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்தது வர்ஜில் வான் டைக்கை, எதிராளிகள் தாண்டிப் போக முடியாமல் தவித்த பின்கள வீரரை. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எழுத்தாளர்கள் தங்கள் மீதே விழுந்த அடியை ஏற்றுக்கொண்டு கொடுத்த விருது, 1948இல் வைத்த நிபந்தனைக்கு மிக அருகில் நிற்கிறது.

மனிதர்களின் குணத்துக்கு விருது கொடுத்தால் அது நாளைக்கே பொய்யாகிவிடுமே என்று கேட்கலாம். 2020இல் கொரோனா காலத்தில் ஆட்டக்காரர்களைத் திரட்டி, அரசு மருத்துவச் சேவைக்கு நிதி சேர்த்துக் கொடுத்த லிவர்பூல் கேப்டன் ஜோர்டன் ஹென்டர்சனுக்கு விருது போனது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஒருபாலின உறவு குற்றமாக இருக்கும் சவூதியின் கிளப் ஒன்றுக்கு அவர் போனபோது, அதுவரை தங்களுக்குத் துணைநின்றவர் கைவிட்டுவிட்டார் என்று ஒருபாலின ஈர்ப்புள்ள ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதனால் 2020இன் தேர்வு தவறாகிவிடாது. விருதின் பெயரிலேயே ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டு அவர் செய்தது செய்ததுதான், அதைக் கண்டவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுள் முழுவதுக்கும் நற்சான்று வழங்க யாராலும் முடியாது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டு வருகிறது. 1975இல் ஃபுல்ஹாமின் ஆலன் முலரி பெற்றதற்குப் பிறகு இரண்டாம் பிரிவில் ஆடிய எவருக்கும் இது கிடைக்கவில்லை. 1989இல் லிவர்பூலின் ஸ்டீவ் நிக்கலுக்குப் பிறகு அடுத்த பின்கள ஆட்டக்காரர் 2021இல் ரூபன் டியாஸ். முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்களம் இருட்டில் கிடந்தது. டியாஸுக்குப் பின் 2025 வரை சாலா, ஹாலண்ட், ஃபோடன், மறுபடி சாலா என்று எல்லோரும் கோலை நோக்கி ஓடுபவர்கள். இவர்களில் யாரும் தகுதியற்றவர் என்று சொல்ல வரவில்லை. 2025இல் 29 கோல் அடித்து, 18 கோலுக்குப் பந்து கொடுத்து, லிவர்பூலைச் சாம்பியனாக்கிய முகமது சாலாவுக்கு ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஓட்டு விழுந்தது, மூன்று முறை பெற்ற ஆன்றியோடு அவர் சமமானார். அந்தத் தேர்வில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் கோலையும், கோலுக்குக் கொடுத்த பந்தையும் எண்ணிச் சொல்ல ஆயிரம் கருவிகள் வந்துவிட்ட காலத்தில், எண்ணிக்கையில் அகப்படாததைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் எழுத்தாளர்கள் தேவைப்படுகிறார்கள். எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து ஓட்டுப் போட்டால், இந்த விருதுக்கும் அதிக கோல் அடித்தவருக்குத் தரும் தங்கக் காலணிக்கும் வித்தியாசம் இருக்காது.

2004-05 சீசனில் செல்சி 38 லீக் ஆட்டங்களில் மொத்தம் 15 கோல்தான் வாங்கியது. கோலில் நின்றவர் பீட்டர் செக். விருது அதே அணியின் ஃபிராங்க் லம்பார்டுக்குப் போனது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பீட்டர் ஷ்மைக்கேல் தன் கிளப்புக்கு ஐந்து லீக் பட்டங்கள் வாங்கித் தந்த கோல்கீப்பர், அவர் பெயரும் இந்தப் பட்டியலில் கிடையாது. டிராட்மன், கார்டன் பாங்க்ஸ், பாட் ஜென்னிங்ஸ், நெவில் சௌத்தால் என்று நான்கே கோல்கீப்பர்கள் இதைப் பெற்றிருக்கிறார்கள். எவர்டனின் சௌத்தால் பெற்றது 1985இல். அடுத்த முறை வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும் எழுத்தாளர்கள் கோல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, மைதானத்தின் மறுகோடியில் நிற்பவரையும் ஒரு சீசன் முழுக்கப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடட்டும்.